கஸ்தூரியின் ஆடுகளும் ஒடுகத்தூர் பக்கத்து உண்ணிகளும்

உண்ணி பிடிப்பதற்காக ஒரு பயணம் போய்வந்தேன். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.

என் தங்கை கஸ்தூரி ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். இருபத்துமூன்று ஆடு வைத்திருக்கிறாள். அவள் புருஷன் ஏழுமலை, அதாவது என் மச்சான், கொத்தனார். போன ஐப்பசியில் மச்சானுக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் இறங்கவே இல்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. மூன்று இடத்தில் ஊசி போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார், ஆடு மாடு உண்டா, காட்டுப் பக்கம் போனது உண்டா, உண்ணி கடித்ததா என்று கேட்டார், மாத்திரையை மாற்றினார். மூன்றாம் நாள் மச்சான் எழுந்து உட்கார்ந்து பிரியாணி கேட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆள் பிழைத்துக்கொண்டார் என்று.

ஆள் வீடு திரும்பியதும் ஆட்டுக்குப் பிரச்சினை வந்தது. அதே தெருவில் இன்னும் இரண்டு பேருக்கு அதே மாதிரி புள்ளியும் காய்ச்சலும். அதில் ஒருவர் எதிர் வீட்டுக் கோதண்டத்தின் சம்சாரம். கோதண்டம் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் அவர் பேச்சுக்கு மரியாதை ஜாஸ்தி. கஸ்தூரி ஆட்டு உண்ணிதான் எல்லோருக்கும் காய்ச்சல் கொடுத்தது, பொங்கலுக்குள் அத்தனை ஆடும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டி அடியில் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். மச்சானுக்கு இன்னும் சாரத்தில் ஏறத் தெம்பு வரவில்லை. அந்த வீட்டில் அப்போது அடுப்பு எரிந்ததே ஆட்டால்தான்.

கஸ்தூரி அழவில்லை. எனக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டாள். "ண்ணா, எந்த உண்ணியில அந்தக் கிருமி கீதுன்னு பாக்கறதுக்கு ஆளு இருக்குமா இருக்காதா?"

இருந்தார்கள். மச்சானைப் பார்த்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். வேலூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வழி சொன்னார். அங்கே தீபா என்று ஒரு மேடம், முப்பத்தைந்து வயது இருக்கும். உண்ணிக்குள் இருக்கும் கிருமியைத் தேடுவதுதான் அவருக்கு வேலை. முடிந்தால் கொஞ்சம் உண்ணி கொண்டு வாருங்கள் என்றார்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் வேலை, இருபத்தொன்பது வருஷமாக. பதனிட்ட தோலை மேசையில் விரித்து, எங்கே கீறல், எங்கே அம்மைத் தழும்பு, எங்கே உண்ணி கடித்த ஓட்டை என்று பார்த்து ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று பிரிக்க வேண்டும். எங்கள் ஊரில் கெட்டுப்போகக் கூடாத பொருள் எதுவானாலும் கை உப்புக்குத்தான் போகும். பச்சைத் தோலை அப்படித்தான் காப்பாற்றுகிறோம். கஸ்தூரி ஆட்டிலிருந்து பிடுங்கிக் கொடுத்த முப்பது உண்ணியையும் ஒரு காபித்தூள் பாட்டிலில் போட்டு, மேலே கல்லுப்பைக் கொட்டி, நன்றாகக் குலுக்கி எடுத்துப்போனேன்.

தீபா மேடம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார். "அண்ணா, ஊறுகாயா?" என்றார்.

ஸ்பிரிட்டில் போட்டிருக்க வேண்டுமாம். உப்பில் போட்டதையும் சோதித்துப் பார்க்கிறேன், ஆனால் நம்ப முடியாது, நானே நேரில் வந்து பிடிக்கிறேன் என்றார். ஆட்டின் மேல் இருப்பது மட்டும் போதாது, ஆட்டுக்கு அது எங்கிருந்து ஏறுகிறது என்றும் பார்க்க வேண்டுமாம். கார்த்திகை மழை விட்டுப் பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை என்று தேதி வைத்தோம்.

சரி, பயணத்துக்கு வருவோம். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் காலை 5.40க்கு ஏறினேன். மாதனூரில் இறங்கி ஒடுகத்தூருக்கு வேறு பஸ். இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். 7.05க்கு ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை போனீர்கள் என்றால் ஆட்டுச் சந்தையில் மாட்டிக்கொள்வீர்கள், மனிதனுக்கு நிற்க இடம் இருக்காது. சனிக்கிழமை காலியாகக் கிடந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான்கு இட்லி, ஒரு வடை, டீ, ஐம்பத்தைந்து ரூபாய். வடை நன்றாக இருந்தது. சட்னியைப் பற்றிப் பேசினால் சண்டை வரும்.

7.40க்கு மேடத்தின் ஜீப் வந்தது. டிரைவர் பெயர் சேகர், காட்பாடிக்காரர். நான் ஏறியதும் முதல் கேள்வி, "உண்ணி பறந்து வருமாண்ணா?" பறக்காது, குதிக்காது, புல் நுனியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், உரசினால் ஒட்டிக்கொள்ளும் என்று மேடம் சொன்னார். அப்படியானால் நான் ஜீப்பிலேயே இருக்கிறேன் என்றார் சேகர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சாயங்காலம்வரை கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

ஒடுகத்தூரிலிருந்து ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு, மழையில் குழி விழுந்து கிடந்தது. 8.15க்குப் போய் இறங்கினோம்.

நேராகப் பட்டிக்குப் போனோம். ஆடெல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பினது போல் நிற்கின்றன. குளிப்பாட்டி, வேப்பெண்ணெய் தடவி, மயிர் பளபளக்கிறது. வேலூரிலிருந்து படித்தவர்கள் வருகிறார்கள், பட்டியைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று கஸ்தூரி வெள்ளிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வோர் ஆடாகப் பிடித்து உண்ணி எடுத்திருக்கிறாள்.

"எடுத்ததெல்லாம் எங்க?" என்று மேடம் கேட்டார்.

"அடுப்புல போட்டுட்டேங்க மேடம். கடுகு மாதிரி வெடிச்சிது" என்றாள் கஸ்தூரி பெருமையாக.

அண்ணன் உப்பில் போட்டான், தங்கை நெருப்பில் போட்டாள். குடும்பமே மேடத்துக்கு உதவி செய்தோம். மேடம் ஒரு நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். கஸ்தூரிக்குத்தான் விஷயம் புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. தன் ஆடு சுத்தம் என்று காட்டச் செய்த வேலை, தன் ஆட்டுக்கு இருந்த சாட்சியையே எரித்துவிட்டதே.

ஒரு கிடா மட்டும் குளிப்பாட்டும்போது திமிறிக்கொண்டு ஓடியிருந்தது. அதைப் பிடித்து, காது மடலில் நான்கு உண்ணி எடுத்தோம். மேடம் அதை எடுத்த விதத்தைக் கவனித்தேன். கூர்மையான இடுக்கியைத் தோலோடு ஒட்டி வைத்து, திருகாமல், மெதுவாக நேராக இழுத்தார். ஸ்பிரிட் குழாயில் போட்டார். எந்த ஆடு, எந்த இடம், எத்தனை மணி என்று சீட்டு ஒட்டினார். நாங்கள் நகத்தில் வைத்து நசுக்குவோமே, அதைச் செய்யவே கூடாதாம். உள்ளே இருக்கும் கிருமி நம் கையில் இருக்கும் கீறல் வழியாக ஏறிவிடுமாம்.

நான்கு உண்ணியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இனி புல்லில்தான் தேட வேண்டும். இதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்துக்கு வெள்ளைத் துணி, போர்வை மாதிரி கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். அதை ஒரு கம்பில் கட்டித் தரையில் இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். பத்து அடிக்கு ஒருதரம் நின்று புரட்டிப் பார்க்க வேண்டும். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகச் சொன்னார்கள். நான் லுங்கியில் போயிருந்தேன். மச்சானின் பழைய பேன்ட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன். இடுப்பில் நிற்கவில்லை, ஆட்டுக் கயிற்றால் கட்டினேன். அந்தப் போட்டோவை இங்கே போட மாட்டேன், கேட்காதீர்கள்.

9.30 முதல் 12.10 வரை ஊர்ப் பொதுப் புறம்போக்கில் இழுத்தோம். மேய்ச்சல் புல்லெல்லாம் இழுத்தோம். காட்டு எல்லைக்கு மேடம் வனத்துறையில் அனுமதிக் கடிதம் வாங்கி வந்திருந்தார், அங்கேயும் இழுத்தோம். கிடைத்தது இரண்டே இரண்டு. மூன்று மணிக்கு ஜீப் திரும்ப வேண்டும். மேடம் துணியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

கஸ்தூரி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "மேடம், நீங்க போய்ட்டீங்கன்னா பொங்கலன்னிக்கு என் பட்டி காலி. சோறுகூட அப்புறம் துன்னலாம். இன்னொரு இடம் பாக்கலாம்."

அப்போதுதான் எனக்கு என் மேசை ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்து ஆட்டுத் தோலில் உண்ணி ஓட்டை வயிற்றில் கம்மி. கழுத்திலும் தோளிலும் நெஞ்சிலும்தான் ஜாஸ்தி. வருஷக்கணக்காகப் பார்த்து அதற்காகவே தரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறேன், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தரைப் புல்லிலிருந்து ஏறினால் காலிலும் வயிற்றிலும் அல்லவா இருக்க வேண்டும்?

"மேடம், தரையில வேணாம். ஆட்டுத் தோள் உசரத்துல தேடுங்க" என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். தோலைச் சொன்னேன்.  மேடம் சுருட்டிய துணியை மறுபடி பிரித்தார்.

ஆடு எங்கே தோள் உரச நடக்கிறது என்பது கஸ்தூரிக்குத்தானே தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு பக்கமும் உண்ணிச்செடி, அதாவது லாண்டானா, புதராக நெருக்கிக்கொண்டு வளர்ந்திருந்தது. ஊர்ப் பெண்கள் விறகுக்குப் போவதும் அதே வழி. மச்சான் கல் பொறுக்கப் போனதும் அதே வழி. கோதண்டத்தின் சம்சாரம் சுண்டைக்காய் பறிக்கப் போவதும் அதே வழிதான் என்று கஸ்தூரி போகிற போக்கில் சொன்னாள்.

துணியைக் கொடி மாதிரி பிடித்துப் புதர் மேல் வீசி வீசி எடுத்தோம். முதல் வீச்சிலேயே ஏழு. சில மிளகு அளவு, சில கசகசா அளவு. கசகசா அளவில் இருப்பதுதான் பேஜார், உடம்பில் ஏறினால் தெரியவே தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் தொண்ணூற்றிரண்டு பிடித்தோம். மேடத்தின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், எங்கள் முதலாளி வெளிநாட்டு ஆர்டர் வந்த அன்றுதான் அப்படி இருப்பார்.

திரும்பும்போது மேடம் கேட்டார், தெருவில் நாய் இருக்கிறதா என்று. நாய் உண்ணியும் இந்தக் கிருமியைச் சுமக்குமாம். தெருவில் வளர்ப்பு நாய் ஒன்றுதான். பெயர் டைகர். கோதண்டத்தின் கட்டிலில், கோதண்டத்தின் கால்மாட்டில் படுக்கும்.

அவர் வாசலில் நின்று நான்தான் பேச வேண்டியதாயிற்று. முதலில் முடியாது என்றார். ஆட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு நாயிடம் என்ன வேலை என்றார். "பாத்தா இன்னாங்க? டைகருக்கு மறைக்கறதுக்கு இன்னா கீது, பேன்ட்டா சட்டையா?" என்றேன். உள்ளே அவர் சம்சாரம் சிரித்த சத்தம் கேட்டது. கோதண்டத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நல்லா பாத்துக்கோங்க. வாராவாரம் சோப்பு போட்டு குளிப்பாட்டற நாயி இது" என்று கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

மேடம் காதை மடித்தார். கால் விரல் இடுக்கைப் பிரித்தார். பதினெட்டு. ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கக் கோதண்டம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.  நான் கிண்டல் செய்யவில்லை. அந்த மனுஷனும் சம்சாரத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக்கொண்டு ஆறு நாள் உட்கார்ந்தவர்தானே.

3.20க்கு ஜீப் கிளம்பியது. ஏறுவதற்கு முன் எல்லோரும் முட்டிக்குப் பின்னால், அக்குள், இடுப்பு மடிப்பு எல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டோம். என் இடுப்பில், ஆட்டுக் கயிற்றுக்குக் கீழே ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதையும் குழாயில் போட்டுக்கொண்டார்கள். அறிவியலுக்கு என் பங்கு.

முடிவு தெரிய ஐந்து வாரம் ஆயிற்று. உண்ணியை இனம் பிரித்து, பத்துப் பத்தாக அரைத்து, அதிலிருந்து கிருமியின் அடையாளத்தை மட்டும் மெஷினில் போட்டுப் பெருக்கிப் பார்ப்பார்களாம். இருந்தால் காட்டும். அது என்ன கிருமி என்று மேடம் மூன்று முறை பெயர் சொன்னார். ரிக்கெட்சியா. நான்காவது முறைதான் எனக்கு வாயில் நுழைந்தது.

மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, மேடமே ஊருக்கு வந்தார். நானும் அரை நாள் லீவு போட்டுப் போனேன். தண்ணீர்த் தொட்டி அடியில் நாற்பது பேர் இருப்பார்கள். புதரில் பிடித்ததில் இரண்டு குழாயில் கிருமி இருந்தது. நாயிடம் எடுத்ததில் ஒரு குழாயில் இருந்தது. கிடாவின் நான்கில் இல்லை. என் ஊறுகாய் பாட்டிலில் ஒன்றும் தேறவில்லை.

எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. கஸ்தூரி எழுந்து, "அப்போ என் ஆட்டுல இல்லன்னு பேப்பர்ல எழுதிக் குடுங்க மேடம்" என்றாள்.

"எழுத முடியாதும்மா" என்றார் மேடம். "நாலு உண்ணி பத்தாது. பொதர்ல இருக்கறது உன் ஆட்டு மேலயும் ஏறத்தான் செய்யும். இந்த உண்ணிதான் இவங்களக் கடிச்சுதுன்னும் என்னால சொல்ல முடியாது. எது தெரியுமோ அத மட்டும்தான் சொல்வேன்."

கூட்டத்தில் யாரோ, பார்த்தீர்களா, ஆட்டிலும் இருக்கும் என்கிறாரே என்று ஆரம்பித்தார். எனக்கு அந்த நேரம் மேடத்தின் மேல் கோபம். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? பிறகு யோசித்தேன். நானும் முதலாளி கேட்டார் என்பதற்காக ஓட்டை விழுந்த தோலுக்கு ஒன்றாம் நம்பர் போட்டதில்லை.

கஸ்தூரி உட்காரவில்லை. சேலையை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டாள். "சரி. என் ஆட்ட அனுப்பிடறேன். பொதரு கூடவே போய்டுமா? முயலு, பன்னி, கீரிப்புள்ள, எல்லாத்தையும் ஓட்டினு போயிடலாமா? நாளைக்கும் அந்த வழியாத்தான வெறகுக்குப் போவீங்க? யாருக்காவது மறுபடியும் ஜுரம் வந்தா அப்ப யாரு வீட்டு ஆட்ட வெரட்டுவீங்க?"

 எல்லோரும் கோதண்டத்தைப் பார்த்தார்கள். அவர் மேடத்திடம்தான் கேட்டார், அந்தப் புதரை எவ்வளவு அகலத்துக்கு வெட்டினால் போதும் என்று.

பாதைக்கு இரண்டு பக்கமும் ஆறடி. மறுநாளே ஆள் திரட்டி வெட்டினார்கள். வாரத்துக்கு ஒருநாள் ஆட்டுக்கும் நாய்க்கும் உண்ணி பார்க்க வேண்டும், கால்நடை டாக்டரிடம் மருந்து வாங்கி அடிக்க வேண்டும் என்று முடிவானது. நாய் கட்டிலை விட்டு இறங்க வேண்டும் என்பதும் முடிவானது. அதுதான் கஷ்டம், டைகர் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்களும் இந்த மாதிரி மலை அடிவாரத்துக்குப் போவதாக இருந்தால், என் அனுபவத்தில் சொல்வது இவ்வளவுதான். வெளிர் நிறத்தில் முழுக்கால் பேன்ட், சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள். புதரை உரசாமல் பாதை நடுவில் நடங்கள். திரும்பியதும் குளித்து, உடம்பை மடிப்பு மடிப்பாகத் தேடுங்கள், குழந்தைகளுக்குத் தலையும் காதுக்குப் பின்னாலும். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம், இடுக்கியால் தோலோடு பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். கடித்த எல்லோருக்கும் காய்ச்சல் வராது. ஆனால் இரண்டு வாரத்துக்குள் வந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போய், காட்டுப் பக்கம் போனேன், ஆடு நாயோடு இருந்தேன் என்று அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். மச்சான் முதல் மூன்று இடத்திலும் அதைச் சொல்லவில்லை. அதில் போனது பதினோரு நாள். ஆம்பூரிலிருந்து போய்வர, சாப்பாடு சேர்த்து, ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடியும். கடைசி ஒன்பது கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ உண்டு, சாயங்காலம் ஐந்துக்கு மேல் கிடைக்காது. சோதனைக்கு உண்ணி எடுத்துப்போகிறவர்கள் உப்புப் போடாதீர்கள்.

பொங்கலன்று கரும்போடு போயிருந்தேன். சாயங்காலம் ஆடுகள் மேய்ச்சல் முடிந்து தெரு வழியாகவே வந்தன, இருபத்துமூன்றும். வழக்கமாக அந்த நேரம் கேட்டைச் சாத்திக்கொள்ளும் கோதண்டம் வெளியே நின்றிருந்தார். கடைசியாக வந்த கிடாவின் கொம்பைப் பிடித்து நிறுத்தினார். கஸ்தூரி நடையை நிறுத்தினாள், நானும்தான். அவர் காது மடலைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்தார்.

"கஸ்தூரி, இங்க ஒண்ணு உட்டுட்ட பாரு" என்றார்.

அவள் இடுப்பில் சொருகியிருந்த, மேடம் கொடுத்துப்போன இடுக்கியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே எடுங்க மாமா. நேரா இழுக்கணும், திருகாதீங்க."